சர்க்கரை இரண்டு தடவை

டனீடனில் ஜூலை என்றால்
சமையலறைக்குள்ளேயே மூச்சு புகையும்.
நாலு பேருக்கு ஒரே ஹீட்டர்.
அதைப் பீப்பாய்க்குக் கொடுப்பதென்று
வாக்கெடுத்தோம். மூன்றுக்கு ஒன்று.
எதிர்த்தவன் லாக்லன்.
பார்லி வாங்கி வந்தவனும் அவன்தான்.

ரக்பி கிளப்பில் சூப் வைக்கும் அண்டாவை
இஹாயா கேட்டு வாங்கி வந்தான்.
உடைத்த பார்லியைக் கட்ட அவன் தலையணை உறை.
துவைத்தது என்று சத்தியம் செய்தான்.
கறுத்த மால்ட் ஒரு பிடி என்றிருந்த இடத்தில்
ஒடெட் மூன்று பிடி போட்டாள்:
"பழுப்பு என்றால் பழுப்பாக இருக்கட்டும்."
வெப்பமானியைப் பிடிப்பது என் வேலை.
ஈர பிஸ்கட் வாசனைக்கு
பக்கத்து வீட்டு நாய்
வேலி தாண்டி வந்து உட்கார்ந்தது.

கொதித்ததைப் புறக்கடை உறைபனியில் ஆற்றி
ஈஸ்ட் தூவினோம்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் இரவு
குளுக்.
பிறகு நீண்ட யோசனை.
குளுக்.

அதே இரவில்தான் பாலாடைக்கட்டிச் சண்டை.
ஒடெட்டுடையது. பதினாலு டாலர்.
பெயர் எழுதி ஒட்டியிருந்தாள்.
லாக்லன் இருட்டில் தின்றானாம்,
இருட்டில் பெயர் தெரியாதாம்.

ஜன்னல் ஒழுங்காக மூடுவது
ஒடெட் அறையில் மட்டும் என்பதால்
பீப்பாய் அங்கே, சூடும் அங்கே.
மாலையானால் நானும் இஹாயாவும்
அவள் கட்டிலடியில் முடங்கிக் கிடப்போம்.
லாக்லன் நிலைப்படி தாண்ட மாட்டான்.
நடையில் நின்று என்னைக் கேட்பான்:
"நிமிஷத்துக்கு எத்தனை?"
நான் அவளைப் பார்ப்பேன்.
"ஐந்து என்று சொல்," என்பாள்.
ஒரு கை தூரத்தில் நிற்பவனுக்கு
ஐந்து என்று சொல்வேன்.
பதினோரு நாள் இப்படி.

புட்டியில் அடைக்கும் நாள்
காலையில் ஒடெட்
நூற்றிருபது கிராம் சர்க்கரை காய்ச்சி ஊற்றினாள்.
ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டினாள்: போட்டாயிற்று.
நண்பகல் தபாலில் மின்கட்டணம் வந்தது.
இஹாயா அதைப் படித்து, வெளுத்து,
அந்தச் சீட்டின் மேலேயே காந்தத்தால் மாட்டினான்.
மூன்று மணிக்கு லாக்லன்
நூற்றிருபது கிராம் சர்க்கரை காய்ச்சினான்.

காலையில் அவளைப் பார்த்தேன்.
மூன்று மணிக்கு அவனைப் பார்த்தேன்.
வாய் திறக்க எவ்வளவு நேரமாகும்?
தூது போய்ப் போய் நாக்கு சலித்திருந்தது.
இனிப்புதானே, என்ன ஆகிவிடும்
என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் இரவு, மணி மூன்று,
அலமாரிக்குள் முதல் வெடி.
கூரையில் பாசம் என்றான் இஹாயா.
இரண்டாவது வெடிக்குப் பாசம் இல்லை என்றான்.
சைக்கிள் ஹெல்மெட்டில் லாக்லன்,
நெஞ்சில் தலையணை கட்டி ஒடெட்,
அடுப்புக் கையுறைகளோடு நான்,
பச்சைக் குழந்தைகளைத் தூக்குவதுபோல்
மிஞ்சியவற்றைக் குளியல் தொட்டிக்குச் சுமந்தோம்.
தொட்டியருகில் ஒடெட்
இருபது நாளில் முதல் சொல்லை
அவனிடம் நேராகச் சொன்னாள்:
"கதவை மூடுடா, மடையா."
மூடினான். உள்பக்கமாக.

நாற்பத்திரண்டில் பதினேழு.
ஒவ்வொன்றைத் திறக்கையிலும்
முக்கால்வாசி உத்தரத்துக்குப் போயிற்று.
மீதியைத் தேநீர்க் கோப்பைகளில் பங்கிட்டோம்.
கருகிய ரொட்டி, உலர்திராட்சை,
கடைசியில் லேசாகத் தலையணை உறை.
விடியும்வரை குடித்தோம்.
கோப்பை வைக்க இடமில்லாமல்
அவள் முட்டிமேல் அவன் வைத்தான்.
அவள் எடுக்கவில்லை.

செவ்வாயன்று வீட்டுக்காரர் வந்தார்.
உத்தரத்தில் படர்ந்த பழுப்பைப் பார்த்து
"மழை ஒழுகுகிறதா?" என்றார்.
"ஆமாம்" என்றோம், நாலு குரலில்.
மனிதர் நல்லவர்.
மறுநாளே கூரை வேலைக்காரரை அனுப்பினார்.
அவர் ஒரு மணி நேரம் தகரத்தின்மேல் தவழ்ந்தார்.
இறங்கினார். நாற்காலி போட்டு ஏறி
கறையை விரலால் தொட்டு
மூக்கில் வைத்துப் பார்த்தார்.
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.
"பார்லியை எத்தனை டிகிரியில் ஊறவைத்தீர்கள்?"

"அறுபத்தாறு," என்றாள் ஒடெட்.
"எழுபது," என்றான் லாக்லன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
பிறகு
மெல்ல
என்னை.